வளைவு தாண்டி நின்ற கார்: ஒரு குடும்பத்தின் இரண்டே கால் மணி நேரம்

ஓட்டுநர் பயிற்சி கொடுப்பது என் வேலை. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறோம், நிறுத்தக் கற்றுக்கொடுக்கிறோம். ஓடிக்கொண்டிருந்த வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் அதில் இருக்கும் மனிதர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் இந்த நிகழ்வை எழுதி வைக்கிறேன். காரை ஓட்டியவர், அவர் மனைவி, அவருடைய தாய், பிறகு காரைப் பழுதுபார்த்த மெக்கானிக் ஆகிய நான்கு பேரிடமும் தனித்தனியாகப் பேசினேன். நேரங்களை அவர்களுடைய கைபேசி அழைப்புப் பதிவுகளோடு முடிந்தவரை ஒத்துப் பார்த்தேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் அவை இதில் இல்லை.

பின்னணி

காரில் ஐந்து பேர். ஓட்டியவர் நாற்பதுகளில் இருப்பவர், நெடுந்தூரம் ஓட்டிப் பழகியவர். பக்கத்தில் மனைவி. பின் இருக்கையில் 71 வயதுத் தாய், 10 வயது மகள், 6 வயது மகன். தாய்க்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடப்பார், ஆனால் காலைத் தூக்கி எதையும் தாண்ட முடியாது. புறப்படும்போது யாரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. அன்று மாலை மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரிய கேள்வியானது.

கார் 11 வயதானது. நான்கு மாதம் முன்புதான் சர்வீஸ் ஆகியிருந்தது. ஆனால் கடைசி மூன்று வாரமாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் பக்கம் கீச்சென்று ஒரு சத்தம் வந்து, ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். ஈரத்தால் வருகிறது என்று ஓட்டுநர் விட்டுவிட்டார்.

டிக்கி முழுக்கப் பெட்டிகள். எச்சரிக்கை முக்கோணம் அந்தப் பெட்டிகளுக்குக் கீழே, ஸ்டெப்னி இருக்கும் குழியில் கிடந்தது.

முதல் அறிகுறிகள்: 6:10 முதல் 6:19 வரை

மாலை 6:10. நடுவில் பிரிப்பு உள்ள நெடுஞ்சாலை, வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். முதலில் சொன்னவர் பின்னால் இருந்த பாட்டி: "ஏசியிலேருந்து சூடா வருதேப்பா." காரை ஓட்டிய மகன் ஏசியின் வெப்பநிலையைக் குறைத்து வைத்தார். காற்று குளிரவில்லை.

இரண்டு நிமிடம் கழித்து டாஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தது. கிட்டத்தட்ட அதே நேரத்தில், ஒரு லாரியை முந்தத் தடம் மாறியபோது ஸ்டீயரிங் கனமாக இருந்ததை ஓட்டுநர் உணர்ந்தார். "பேட்டரி பழசு, அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்" என்று மனைவியிடம் சொன்னார். 6:13க்கு ஒரு பெட்ரோல் பங்க்கைக் கடந்தார்கள். நல்ல வெளிச்சம், அகலமான இடம், குடிநீர், கழிவறை எல்லாம் அங்கே இருந்தன.

இந்த இடத்தில் நிறுத்திப் பேச வேண்டியிருக்கிறது. ஏசி, பேட்டரி விளக்கு, ஸ்டீயரிங் என மூன்று வேறு கோளாறு போலத் தெரிந்தாலும் காரணம் ஒன்றுதான். இன்ஜினின் முன்பக்கம் ஓடும் ஒரே ஒரு ரப்பர் பெல்ட், பல கார்களில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பவர் ஸ்டீயரிங் பம்ப், வாட்டர் பம்ப் என்று பலவற்றையும் சேர்த்துச் சுற்றுகிறது. எல்லா கார்களிலும் இதே அமைப்பு இல்லை. சிலவற்றில் வாட்டர் பம்ப் வேறு பெல்ட்டில் ஓடும், ஸ்டீயரிங் மின்மோட்டாரில் இயங்கும். இந்தக் காரில் நான்குமே அந்த ஒரு பெல்ட்டில்தான். பெல்ட் அறுந்தால் நான்கும் ஒன்றாகப் போகும். அதில் சத்தமில்லாமல் போவது வாட்டர் பம்ப். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சுழல்வது நின்றதும் இன்ஜின் சூடு சில நிமிடங்களில் ஏறத் தொடங்கும்.

பேட்டரி விளக்கு என்று நாம் சொன்னாலும், ஓடும் வண்டியில் அது எரிந்தால் பெரும்பாலும் சார்ஜ் ஏறவில்லை என்றுதான் பொருள். இருக்கும் சார்ஜை வைத்து வண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஓடும் என்று ஓட்டுநர் கணக்குப் போட்டது முழுத் தவறு இல்லை. பழுது ஆல்டர்னேட்டரோடு நின்றிருந்தால் அந்தக் கணக்கு பலித்திருக்கும். ஸ்டீயரிங்கும் சேர்ந்து கனத்ததை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

6:19க்கு வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்கியது. ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது இழுத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருந்தார், வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஹீட்டரிலிருந்து வந்த காற்று ஆறிப்போயிருந்தது. இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டர் ஆறிப்போனால், சூடான கூலன்ட் ஹீட்டர் வரை வந்து சேரவில்லை என்று அர்த்தம். அப்போதுதான் நிறுத்த முடிவு செய்தார்.

எங்கே நிறுத்துவது

அந்த முடிவு வந்தபோது கார் ஒரு வளைவுக்குள் இருந்தது. ஓரத்தில் இரும்புத் தடுப்பு, தடுப்புக்கும் சாலைக்கோட்டுக்கும் நடுவில் ஒரு கார் நிற்கும் அகலத்தைவிடச் சற்றே அதிகமான இடம். அங்கேயே நிறுத்தியிருந்தால் இன்ஜின் கொஞ்சம் பிழைத்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, வேகத்தை மெல்லக் குறைத்து, வளைவு முடிந்து சாலை நேராகும் வரை ஏறக்குறைய 300 மீட்டர் உருட்டிக்கொண்டு போனார்.

அன்று அவர் எடுத்த முடிவுகளில் இதுதான் மிகச் சிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறது. ஓட்டுபவர் கண்டு, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனால் 37 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் நன்றாக பிரேக் பிடித்தாலும் நிற்க இன்னும் 45 மீட்டராவது வேண்டும். ஆக 80 மீட்டருக்கு மேல். வளைவுக்குள் நிற்கும் கார் அவ்வளவு தூரத்திலிருந்து யார் கண்ணிலும் படாது.

6:22க்கு கார் நின்றது. வண்டிகளிடமிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு நல்லது என்று நினைத்துத் தடுப்பை உரசுவது போல ஒட்டி நிறுத்தினார்.

வீணான எட்டு நிமிடங்கள்: 6:22 முதல் 6:30 வரை

அப்புறம் நடந்ததை அவரே வருத்தத்தோடுதான் சொன்னார். இறங்கி பானெட்டைத் திறந்தார். ஆவி வந்தது. கைபேசி வெளிச்சத்தில் பெல்ட்டைத் தேடினார். மனைவி இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். மகளும் போக்குவரத்துப் பக்கக் கதவைத் திறந்து இறங்கி அம்மாவிடம் ஓடி வந்தாள். அந்தப் பக்கக் கதவில் குழந்தைப் பூட்டு போடப்படவில்லை. பிறகு இருவரும் தண்ணீர் பாட்டில் எடுக்கப் பின்னால் போய், டிக்கிக்கு நேர் பின்னே முதுகைச் சாலைக்குக் காட்டி நின்றார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. முக்கோணம் வைக்கவில்லை, யாரையும் அழைக்கவில்லை.

கவனக்குறைவான குடும்பம் என்று இதைப் படித்து யாரும் நினைக்க வேண்டாம். வண்டி நின்றதும் மனம் முழுக்கப் பழுதின் மேல் போய்விடுகிறது. பழுது தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது போல ஒரு உணர்வு வரும். இங்கே பெல்ட் அறுந்திருப்பது 6:25க்கே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன? மாற்றுப் பெல்ட் இல்லை, கருவி இல்லை, இருந்தாலும் அந்த இடத்தில் மாட்ட முடியாது.

6:30க்கு ஒரு கனரக லாரி நெருக்கமாகக் கடந்தது. அந்தக் காற்றில் கார் முழுவதும் ஆடியது. காருக்குள் இருந்த பையன் அழ ஆரம்பித்தான். மனைவி சொன்னது: "ஏங்க, பானெட்டை விடுங்க. முதல்ல இவங்களை இங்கேருந்து எடுக்கணும்."

மனிதர்களை வெளியே கொண்டுபோனது: 6:30 முதல் 6:50 வரை

பையனைத் தடுப்புப் பக்கக் கதவு வழியாக வெளியே எடுத்து, பிள்ளைகள் இருவரையும் தடுப்புக்கு மேலே தூக்கிக் கொடுத்தார்கள். கார் ஒட்டி நின்றதால் கதவு ஒரு சாண் அளவுதான் திறந்தது. பையன் நுழைந்து வந்துவிட்டான். மனைவி பிள்ளைகளோடு தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், காருக்குப் பின்னால் சுமார் 20 அடி தள்ளி, அதாவது வண்டிகள் வரும் திசையில், நின்றார். எந்த வண்டியாவது காரில் மோதினால் கார் முன்னோக்கித்தான் தள்ளப்படும், உடைந்த துண்டுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் பறக்கும் என்பதால் காருக்கு முன்னால் நிற்பதைவிட இது நல்லது. இதை அவர் எங்கோ படித்து நினைவில் வைத்திருந்தார்.

பாட்டியால் அந்தக் கதவு இடைவெளியில் வர முடியாது. போக்குவரத்துப் பக்கம் இறக்கினால், மெல்ல நடந்து காரைச் சுற்றி வர வேண்டும். அப்படியே வந்தாலும் இடுப்பு உயரத் தடுப்பைத் தாண்ட முடியாது. "நான் உள்ளேயே இருக்கேன், நீங்க போங்க" என்றார் அவர். மகன் அவருடைய சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டு முக்கோணத்தைத் தேடப் போனார். இறங்கவே முடியாத நிலையில் பெல்ட் போட்டு உள்ளே இருப்பது ஏற்கத்தக்க ஏற்பாடுதான். நடுச்சாலையில் தடுமாறி நடப்பதைவிட அது மேல். ஆனால் வேறு வழி இருக்கிறதா என்று பார்க்காமல் அதிலேயே நின்றுவிடக் கூடாது.

முக்கோணத்தை எடுக்கப் பெட்டிகளை இறக்க வேண்டியிருந்தது. டிக்கிக்குப் பின்னால் மூன்று நிமிடம். அன்று மாலையின் மிக ஆபத்தான மூன்று நிமிடங்கள் அவை என்று நினைக்கிறேன். முக்கோணத்தை முதலில் 40 எட்டு தள்ளி வைத்தார், அது 30 மீட்டர்கூட வராது. மனைவி தடுப்புக்கு அப்பாலிருந்து "இன்னும் தள்ளி, வளைவுக்கு அந்தப் பக்கம்!" என்று கத்தினார். அவர் தடுப்பைத் தாண்டி, அதன் பின்பக்கமாகவே நடந்து, முக்கோணத்தின் ஒளிரும் முகத்தை எதிரே வரும் வண்டிகளுக்குக் காட்டியபடி கையில் பிடித்துக்கொண்டு போய், வளைவின் வெளிப்பகுதியில் பார்வைக்குப் படும்படி வைத்தார். முக்கோணத்தை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதிலும், வேகச் சாலைகளில் வைக்கலாமா என்பதிலுமே நாட்டுக்கு நாடு விதி வேறுபடும். வைக்க நடப்பதே ஆபத்து என்பதால் பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பு மோட்டார்வே சாலைகளில் வைக்க வேண்டாம் என்கிறது. ஓட்டும் நாட்டின் விதியை முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

6:40க்கு மனைவி அவசர எண்ணை அழைத்தார். வண்டி பழுது என்று சொல்லி நிறுத்தவில்லை. "வளைவு முடிஞ்ச உடனே கார் நிக்குது, நடக்க முடியாத வயசானவங்க உள்ளே இருக்காங்க, ரெண்டு குழந்தைங்க இருக்கு" என்று சொல்லி, எந்தத் திசையில் போகும் பக்கம் என்பதையும், தடுப்புக்கு அப்பால் தெரிந்த கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் சொன்னார். நடுவில் பிரிப்பு உள்ள சாலையில் திசை சொல்லாவிட்டால் உதவிக்கு வருபவர் எதிர்ப் பக்கம் வந்துவிட்டுத் திரும்ப இடம் தேட வேண்டியிருக்கும்.

பேசி முடித்தபோதுதான் ஒன்றைக் கவனித்தார். காருக்கு முன்னால் 50 எட்டு தள்ளி இரும்புத் தடுப்பு முடிந்து, ஓரம் சமதரையாக விரிந்தது. "காரை அங்கே வரைக்கும் நகர்த்திட்டா அத்தை நேரா இறங்கிடுவாங்களே?" கணவர் தயங்கினார். இன்ஜினை மறுபடி ஓட்டினால் அதன் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்துவிடுமோ என்ற பயம். மனைவியின் பதில், "போனா போகட்டும்ங்க."

இன்ஜின் இருபது நிமிடத்துக்கு மேல் ஆறியிருந்தது. ஸ்டார்ட் செய்து, முதல் கியரில் 15 நொடிக்கும் குறைவாக உருட்டி, தடுப்பு முடிந்த இடத்தில் சாலையை விட்டு முடிந்த அளவு ஒதுங்கி நிறுத்தினார். சக்கரங்களைச் சாலைக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்து ஹேண்ட் பிரேக் போட்டார். கதவு முழுதாகத் திறந்தது. பாட்டி இறங்கி, மகன் தோளைப் பிடித்து, தடுப்பின் பின்பக்கமாக 15 எட்டு நடந்து வந்து ஒரு தட்டையான கல்லில் உட்கார்ந்தார். மணி 6:50. நின்றதிலிருந்து 28 நிமிடம் கழித்து எல்லோரும் காரை விட்டு விலகியிருந்தார்கள்.

காத்திருப்பு: 6:50 முதல் 8:35 வரை

சில நிமிடத்தில் வேறொரு கார் அவர்களுக்கு முன்னால் ஒதுங்கியது. இறங்கி வந்தவர் நல்ல மனிதர். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று பாட்டிலோடு வந்தார். ஓட்டுநர் நன்றி சொல்லி, உதவிக்கு அழைத்தாகிவிட்டது என்று சொல்லி, அவரையும் அங்கே நிற்காமல் கிளம்பச் சொன்னார். கொஞ்சம் மரியாதைக் குறைவாகத் தோன்றுமோ என்று மனம் உறுத்தியதாம். சரியாகத்தான் செய்தார். கூலன்ட் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரி செல்சியஸுக்கு மேலும் கொதிக்காமல் திரவமாக நிற்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் விழுந்து, அந்த நொடியே கொதித்து முகத்திலும் கையிலும் பீறிடும். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் உலோகம் விரிசல் விடவும் வாய்ப்புண்டு. இவை எல்லாம் போக, வாட்டர் பம்ப் சுற்றாத வண்டியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் பயனில்லை.

7 மணிக்குப் பையன் தண்ணீர் கேட்டான். பாட்டில் காருக்குள் இருந்தது. அப்பா எழுந்தார். மனைவி, ரோந்து வண்டி வந்த பிறகு எடுக்கலாம் என்றார். ஐந்து நிமிடம் கழித்து ஒரு லாரி ஓரக் கோட்டைத் தாண்டி வந்து காரின் ஓட்டுநர் பக்கப் பின்பார்வைக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. நிற்கவில்லை. காரில் வேறெங்கும் கீறல்கூட இல்லை. அந்த லாரி ஓட்டுநர் அதைக் கவனித்தாரா என்பதே சந்தேகம். காரை ஓட்டியவர் அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசும்போது குரல் மாறியது. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

7:18க்கு நெடுஞ்சாலை ரோந்து வண்டி வந்து காருக்குப் பின்னால் நின்று, சுழல் விளக்கைப் போட்டு, கோன்களை வரிசையாக வைத்தது. காற்றில் முக்கோணம் எப்போதோ விழுந்து கிடந்ததும் அப்போதுதான் தெரிந்தது. ரோந்துக்காரர் முதலில் சொன்னது ஹெட்லைட்டை அணைக்கும்படி. காரைப் பளிச்சென்று காட்டட்டும் என்று ஓட்டுநர் அதை எரியவிட்டிருந்தார். சார்ஜ் ஏறாத பேட்டரியிலிருந்து ஹெட்லைட் சுமார் 9 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. பின்னால் வருபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதற்குள்ளேயே இண்டிகேட்டர்கள் மங்கியிருந்தன. பெல்ட் அறுந்த வண்டியில் எச்சரிக்கை விளக்குகளின் ஆயுளும் எண்ணப்பட்டதுதான் என்பது குடும்பத்தில் நான் பேசிய மூவருக்கும் அதுவரை தெரியாத செய்தி.

8:35க்கு மீட்பு வண்டி வந்து காரை ஏற்றிக்கொண்டது. குடும்பத்தினர் மீட்பு வண்டியின் முன் கேபினிலும் ரோந்து வண்டியிலுமாகப் பிரிந்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

மெக்கானிக் கண்டது

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளையின் பேரிங் இறுகிப்போயிருந்தது. மூன்று வாரம் கேட்ட கீச்சொலி சரியாகச் சுற்றாத அந்த உருளையின் மேல் பெல்ட் வழுக்கிய சத்தமாக இருந்திருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. உருளை, பெல்ட் இரண்டையும் மாற்றி, கூலன்ட் நிரப்பி, சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே இருக்கும் ஹெட் கேஸ்கட் என்ற அடைப்புத் தகடு கசிகிறதா என்று சோதித்தார். கசிவு இல்லை. தடுப்பு முடியும் இடம் வரை உருட்டிய அந்த 15 நொடி இன்ஜினை ஒன்றும் செய்யவில்லை.

என்ன மாறியிருக்க வேண்டும்

குடும்பத்தாரும் நானும் உட்கார்ந்து பேசியதில் முதலில் வந்தது 6:13இன் பெட்ரோல் பங்க். சிவப்பு விளக்கோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்து தெரிந்தால், ஸ்டீயரிங் கனமோ, ஏசியோ, வாடையோ, சத்தமோ எதுவானாலும், அடுத்து வரும் பாதுகாப்பான இடத்திலேயே ஒதுங்குவது என்று ஓட்டுநர் தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டார். காரணம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பாட்டி சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்பதையும் அவரே சொன்னார்.

தடுப்பை ஒட்டி நிறுத்துவதில் எனக்கே இந்த நிகழ்வு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. இத்தனை நாளும் மாணவர்களிடம் "எவ்வளவு ஓரமோ அவ்வளவு ஓரம்" என்றுதான் சொல்லி வந்தேன். இப்போது தடுப்புப் பக்கக் கதவு திறக்கும் அளவுக்கு இடம் விடச் சொல்கிறேன், அதற்கு இடமிருந்தால். நிறுத்தும் முன் தடுப்பு எங்கே முடிகிறது என்று முன்னால் பார்க்கவும் சொல்கிறேன். முதியவரோ சக்கர நாற்காலி வைத்திருப்பவரோ வண்டியில் இருந்தால், நிற்கும் இடத்தை அவரை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மற்றவை சிறியவை. பின் கதவுகளில் குழந்தைப் பூட்டு. ஆளுக்கொரு ஒளிரும் மேலங்கி, டிக்கியில் இல்லாமல் கதவுப் பையில். ஒரு டார்ச். பயணம் முழுவதும் ஒரு கைபேசியில் சார்ஜைத் தொடாமல் வைப்பது. அன்று மகள் விளையாடிய கைபேசியில் 14 சதவீதம்தான் மீதி இருந்தது. அவசர அழைப்பு போனது அதிலிருந்துதான்.

முக்கோணம் இப்போது ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. கண்ணாடியைப் பெயர்த்த லாரியைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச வேண்டாம் என்று பெற்றோர் முதலில் முடிவு செய்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து மகளே வந்து கேட்டாள், "அப்பா தண்ணி எடுக்கப் போயிருந்தா?" அன்று இரவு இருவரும் அவளிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்கள். அடுத்த பயணத்துக்கு முன்னால், வீட்டு வாசலில் நிறுத்திய காரிலிருந்து தடுப்புப் பக்கம் மட்டும் இறங்கி, 20 எட்டு பின்னால் நடந்து நிற்பதை ஐந்து பேரும் ஒருமுறை செய்து பார்த்தார்கள். பாட்டிக்கு இரண்டு நிமிடம் ஆனது.